ஜூடித் சொன்ன கருநீலம்

எலுமிச்சை மஞ்சளாக வரவேண்டிய நூல், குளத்துப் பாசி மாதிரிப் பச்சையாக வந்து நின்றது.

"போச்சு! எல்லாம் போச்சு!" என்று மதலைமுத்து தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

அவர் மகள் ஜூடித்துக்கு அழுகையே வந்துவிட்டது. பாவம், சாயத் தண்ணீரை வடிகட்டும் தொட்டிக்கு அவளும்தானே மணல் சலித்துக் கொடுத்தாள்!

அவர்களுடைய சின்னச் சாயப்பட்டறை பெங்களூரு பிரேசர் டவுனில் ஒரு சந்துக்குள் இருந்தது. கழிவு நீர் சாக்கடையில் நீலமும் சிவப்புமாக ஓடியதில் தெருவே கொதித்துப் போயிருந்தது. "இன்னொரு தடவை கலர் தண்ணி வெளிய வந்தா பட்டறைக்குப் பூட்டுதான்" என்று மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி சொல்லிவிட்டார்.

பெரிய இயந்திரம் வாங்க அப்பாவுக்கு வசதி ஏது? கழிவு நீரைப் படிகாரம் போட்டுத் தெளியவைத்து, மணலும் கரியும் நிரப்பிய தொட்டியில் வடிகட்டி, அதே தண்ணீரில் மறுபடி சாயம் போடப் பார்த்தார். தண்ணீர் தெளிந்தது. ஆனாலும் லேசாக நீலம் தங்கிவிட்டது. நீலத்தில் மஞ்சளைப் போட்டால் பச்சை வராமல் என்ன வரும்?

"ஏன் மாடோது அண்ணா? இப்ப என்ன பண்றது?" என்று கன்னடமும் தமிழுமாகக் கேட்டார் பட்டறையில் வேலை பார்க்கும் கிருஷ்ணப்பா. "தொட்டி ரொம்பிடுச்சு. நாளைக்கு வழிஞ்சு சாக்கடைக்குத்தான் போவும்."

வாடிய முகத்தோடு ஜூடித் வீட்டுக்கு வந்தாள். அம்மா துணி அலசிக்கொண்டிருந்தார். குழாயில் தண்ணீர் வருவதே அபூர்வம் என்பதால், ஒரே வாளியில்தான் எல்லாம். ஜூடித் ஏதோ நினைப்பில் அப்பாவின் கறுப்பு பேன்ட்டை எடுத்து அதில் போட்டாள்.

"அடியே! வெள்ளை யூனிஃபார்ம் இன்னும் அலசல! வெள்ளை முதல்ல, கறுப்பு கடைசியிலன்னு எத்தனை தடவை சொல்றது?"

ஜூடித் அப்படியே நின்றாள். அடுத்த நிமிடம், சோப்பு நுரைக் கையோடு பட்டறைக்கு ஓட்டம் பிடித்தாள்.

"அப்பா! மஞ்சளுக்கு மட்டும் புதுத் தண்ணி வெச்சுக்கோங்க. தொட்டித் தண்ணியில கருநீலம் போடுங்க, கறுப்பு போடுங்க! அதுக்கு லேசா நீலம் இருந்தா என்ன கெட்டுப் போச்சு?"

மதலைமுத்து மகளைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். "அட, இத்தனை வருஷமா சாயம் போடறேன், எனக்குத் தோணலியே!"

அன்றைக்கே ஒரு கட்டு நூலைக் கருநீலத்தில் முக்கி எடுத்தார்கள். அடடா, என்ன நிறம்! கிருஷ்ணப்பா சிரித்துக்கொண்டே பாசிப்பச்சை நூலையும் தூக்கி அதே சாயத்தில் போட்டார். அதுவும் பிழைத்துக்கொண்டது.

அடுத்த மாதம் அதிகாரி வந்தார். குனிந்து பார்த்தார். சாக்கடை காய்ந்து கிடந்தது.

"என்னப்பா முத்து, பட்டறைய மூடிட்டியா?"

"உள்ள வந்து பாருங்க சார்!" என்று கருநீல நூலால் கட்டிய ரெட்டைச் சடை குதிக்க, கதவை அகலத் திறந்தாள் ஜூடித்.