கார்புரேட்டரில் கிடந்த தண்ணீர்

1946, கார்த்திகை மாதம். காலை மணி எட்டு இருபது.

பெரியதாழைக் கடற்கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த மனுவேல் நிமிர்ந்து பார்த்தபோது, தலைக்கு மேலே ஒரு சிறு விமானம் சத்தமே இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. மணலில் ஓடி, ஒரு சக்கரம் முறிந்து, இறக்கை சாய்ந்து நின்றது. உள்ளே பைலட் செந்தில்வேல் கால் ஒடிந்து கிடந்தான். நல்ல வேளை, உயிர் இருந்தது.

விமானம் பொன்னுதுரையுடையது. தூத்துக்குடியில் எட்டுத் தோணிகளுக்குச் சொந்தக்காரர். யுத்தம் முடிந்து பட்டாளத்துச் சாமான்கள் ஏலம் போனபோது வாங்கிய விமானம். கொழும்பிலிருந்து வரும் தோணிகள் எங்கே நிற்கின்றன என்று தினமும் காலையில் பறந்து பார்த்துவிட்டு வந்து சொல்வது செந்தில்வேலின் வேலை. ஊர் சிரித்தது. பொன்னுதுரை அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பத்தரை மணிக்குக் காரில் வந்து இறங்கிய பொன்னுதுரை எஞ்சின் மூடியைத் திறந்தார். பெட்ரோலும் காற்றும் கலக்கும் கார்புரேட்டருக்குள் விரலை விட்டார். விரலில் தண்ணீர். அவ்வளவுதான், பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறான் மெக்கானிக் பேச்சிமுத்து என்று தீர்ப்பே எழுதிவிட்டார். இரண்டு நாளைக்கு முன்னால்தான் அவன் லீவு கேட்டு, இவர் மறுத்து, இருவரும் எல்லார் முன்னாலும் சத்தம் போட்டிருந்தார்கள். சாயங்காலம் பேச்சிமுத்து லாக்கப்பில். பொன்னுதுரை பஜாரில் நின்று, ஆளைக் கொல்லப் பார்த்த பாவி என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். பேச்சிமுத்துவின் மனைவி சந்தனமாரி தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனால் மற்றப் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு விலகினார்கள். அவள் ஏழு மாதக் கர்ப்பிணி. வழக்கு நின்றால் பேச்சிமுத்துவுக்குப் பத்து வருஷம்.

இன்ஸ்பெக்டர் தாணுலிங்கத்துக்கு ஒரு கெட்ட குணம். எதுவும் சுலபமாகக் கைக்கு வந்தால் அவருக்குப் பிடிக்காது. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவரே கடற்கரைக்குப் போய், டாங்கியிலிருந்து பெட்ரோலைக் கண்ணாடிச் சீசாக்களில் பிடித்து வைத்தார். ஒரு மணி நேரம் காத்திருந்தார். தண்ணீர் இருந்தால் அடியில் தங்க வேண்டும். ஒரு சொட்டுகூட இல்லை.

பிடிக்கும்போது கையில் பெட்ரோல் வழிந்து சில்லிட்டது. அவர் கையை நீட்டியபடியே வெகுநேரம் நின்றார். கான்ஸ்டபிள், ஐயாவுக்கு வாதம் வந்துவிட்டதோ என்று பயந்துபோனான்.

விமானத்துக்குள்ளும் பார்த்தார். பைலட்டின் முழங்காலுக்குக் கீழே ஒரு சிறு கைப்பிடி, நகராதபடி தார் பூசிய கயிற்றால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. மற்ற இடங்களில் பேச்சிமுத்து செம்புக் கம்பியால் முறுக்கியிருந்தான்.

மனுவேல் சொல்லத் தயங்கினான். சொன்னால் சிரிக்கிறார்களாம்.

"விமானம் விழுந்ததும், தீப்பிடிச்சிருக்குமோன்னு எஞ்சினுக்குள்ள போற குழாயத் தொட்டுப் பாத்தேன்யா. சுடும்னு நெனச்சா, சில்லுன்னு கை வெறச்சிட்டு."

தாணுலிங்கம் சிரிக்கவில்லை.

பகல் பன்னிரண்டு மணி. ஆஸ்பத்திரியில் செந்தில்வேல், பேச்சிமுத்து அப்படிப்பட்ட ஆள் இல்லை என்றுதான் முதலில் சொன்னான். அன்று மேகமூட்டம், காற்றில் ஒரே ஈரம். தோணிகளைத் தேடி வேகத்தைக் குறைத்து வெகுநேரம் சுற்றினான். எஞ்சின் பட்டென்று நிற்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக மூச்சுத் திணறி நின்றது.

"காலுக்குக் கீழே இருக்குற கைப்பிடி எதுக்கு?"

"எஞ்சினுக்குள்ள சூடான காத்து விடுறதுக்கு சார். பாடத்துல ஒரே ஒரு நாள் சொன்னாங்க. பனி பெய்யிற நாட்டுக்காரங்களுக்கு உள்ளதுன்னு நாங்க தூங்கிட்டோம். ஜோத்பூர் பாலைவனத்துல பறந்து பழகினவன் நான், அதைத் தொட்டதே இல்ல."

மூன்றாம் நாள் காலை ஏழு மணி. லேசான தூறல். கடற்கரையில், முட்டுக்கொடுத்து நிமிர்த்திய விமானத்தருகே பொன்னுதுரையும் சந்தனமாரியும் நின்றார்கள். பேச்சிமுத்துவின் விலங்கைக் கழற்றி, அதே பெட்ரோலில் எஞ்சினை ஓட்டச் சொன்னார் தாணுலிங்கம். பேச்சிமுத்து ஓட்டினான். முழு வேகத்தில் அட்டகாசமாக ஓடியது. பிறகு வேகத்தைக் குறைக்கச் சொன்னார். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். குழாய் வியர்த்தது. எஞ்சின் திக்கித் திணற ஆரம்பித்தது.

தாணுலிங்கம் பொன்னுதுரையின் கையைப் பிடித்துக் குழாய்மேல் வைத்தார். பொன்னுதுரை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"ஐஸ், அண்ணாச்சி. பெட்ரோல் ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சிரும். ஈரக்காத்து அங்கன உறைஞ்சு தொண்டைய அடைச்சிரும். வேகத்தைக் குறைச்சா வழி இன்னும் ஒடுங்கும். கீழ இறங்குனதும் உருகித் தண்ணியாயிரும். நீங்க விரலை விட்டப்போ இருந்தது அந்தத் தண்ணிதான்."

சொல்லிக்கொண்டே கயிற்றை அறுத்துக் கைப்பிடியை இழுத்தார். எஞ்சின் ஒரு தடவை பலமாக இருமியது. நின்றுவிடும் என்றே எல்லாரும் நினைத்தார்கள். அடுத்த நொடி சீராக ஓடியது.

"செந்தில்வேல் இதை இழுக்கல. மறந்துட்டான். ஞாபகம் வந்து இழுத்திருந்தாலும் வந்திருக்காது. பேச்சிமுத்து கட்டியிருந்தா கம்பியால கட்டியிருப்பான். இது பாய்மரத்துக் கயிறு, தோணிக்காரன் முடிச்சு. இந்த விமானத்துல கை வைக்கிறவங்கள்ல தோணியில வளந்தவரு ஒரே ஆளுதான்."

பொன்னுதுரை மறுக்கவில்லை. கைப்பிடி எதற்கென்று வாங்கிய அன்றே கேட்டிருந்தார். சூட்டுக்கு என்றார்கள். இந்த ஊர் வெயிலில் கொதிக்கிற எஞ்சினுக்கு இன்னும் சூடா, யாராவது தெரியாமல் இழுத்துக் கெடுத்துவிடப் போகிறார்களே என்று அவரே கட்டி வைத்தார். நல்லது என்று நினைத்துத்தான் செய்தார் மனுஷன். இப்போது மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்தப் பையனக் கொல்லப் பாத்தது நான்தானா?" என்றார்.

தெரியாமல் செய்த தவறுக்குத் தன்னிடம் வழக்கு இல்லை என்றார் தாணுலிங்கம். பொன்னுதுரை பேச்சிமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவனும் கலங்கிப்போய், விடுங்க மொதலாளி, விடுங்க என்றான். அவன் விட்டிருப்பான். சந்தனமாரிதான் விடவில்லை.

"அண்ணாச்சி, இங்கன மணல்ல இருந்து அழுதா யாருக்குத் தெரியும்? எம் புருசன பஜார்ல நின்னுல்லா சொன்னீக. அங்கன வந்து சொல்லுங்க."

சாயங்காலம் ஐந்தரை. பஜாரில் நல்ல கூட்டம். எட்டுத் தோணிக்காரர் பொன்னுதுரை, செருப்பைக் கழற்றிவிட்டு நடுத்தெருவில் நின்றார். முதல் தடவை சொன்னது பக்கத்துக் கடைக்குக்கூடக் கேட்கவில்லை. சந்தனமாரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது தடவை, கடைசிக் கடை வரைக்கும் கேட்கும்படி சொன்னார்.

"பேச்சிமுத்து ஒரு தப்பும் செய்யல. தப்பு செஞ்சது நான்."