பிறேக் இல்லாத டிப்பர்

மாலை நாலரை மணி. மணல் ஏற்றிய டிப்பரோடு கொடிகாமத்தை நெருங்கிக்கொண்டிருந்தேன். மழை தூறியது. எதிரே வந்த லொறிக்காரன் இரண்டு தரம் லைற் அடித்தான். முன்னால் பொலிஸ் நிற்கிறது என்று அர்த்தம். இந்த ஒரு விசயத்தில் சாரதிமார் ஒருவரையொருவர் கைவிடுவதில்லை.

லைற் அடித்தால் பெருந்தெருவை விட்டு ஒழுங்கைக்குள் இறங்கு. அது முதலாளி நடராசாவின் கட்டளை. அளவுக்கு மேல் மணல் ஏற்றுவிப்பது அவர். தேய்ந்த பிறேக்கை மாற்றாததும் அவர். பிடிபட்டால் தண்டம் எழுதுவது மட்டும் எங்கள் பெயரில். பறிபோவது எங்கள் லைசன்ஸ்.

போன மாதம் இதே டிப்பரை ஓட்டியவர் கனகசபாபதி அண்ணை. லைற்றைக் கண்டு இங்கேதான் ஒழுங்கைக்குள் இறங்கினார். ரயில் கடவையில் பிறேக் பிடிக்கவில்லை. ரயிலுக்கு விலத்தி டிப்பரை வெட்டித் திருப்பியவர் பனையில் மோதிச் செத்துப்போனார். வேகமாக ஓடினான் என்றார் முதலாளி. பிறேக் நல்லாயிருந்தது என்று விசாரணையில் சொன்னவன் நான். வேலை போய்விடும் என்ற பயம். அதை நினைத்தால் என் வாயில் நானே அறையவேண்டும் போலிருக்கும். அதன்பிறகு கதவை மாற்றிப் பெயின்ற் அடித்தார்கள். பிறேக்கை ஒருவனும் தொடவில்லை.

ஆனாலும் இறங்கினேன். பழக்கதோசம்.

பனைகளுக்கு நடுவே வெளிச்சம் குறைந்தது. ரயில் கூவியது. பிறேக்கை மிதித்தேன்.

கால் அடிவரை போனது. டிப்பர் நிற்கவில்லை.

சுருட்டு மணம் வந்தது. கனகசபாபதி அண்ணையின் சுருட்டு.

என் காலுக்கு மேல் இன்னொரு கால் அழுத்தியது.

எலும்பு நொறுங்குமாப்போல நொந்தது. கடவைக்கு ஒரு முழம் முன்னால் டிப்பர் நின்றது. ரயில் கண்ணாடியை உரசுமாப்போல ஓடி மறைந்தது.

சாவியைப் பிடுங்கிக்கொண்டு கீழே குதித்தேன். முதலாளிக்குப் போன் எடுத்தேன்.

"பிறேக் இல்லை முதலாளி. நான் பொலிசிட்டைப் போறன். விசாரணையிலை சொன்னது பொய்யெண்டும் சொல்லப்போறன்."

"விசர்க்கதை கதையாதை. லைசன்ஸ் போனால் என்னட்டை வரக்கூடாது," என்றார். பிறகு குரல் இறங்கியது. "உன்னோடை ஆர் நிக்கிறது?"

"ஒருத்தரும் இல்லை."

"அப்ப, 'நீங்கள் வந்து ஓட்டுங்கோ முதலாளி' எண்டு ஆர் சொல்லுறது?"

எனக்கு அப்படி ஒரு குரலும் கேட்கவில்லை. ஆனால் கொக்குவிலில், அவர் வீட்டு வாசலில், ஒரு ஹோர்ன் நீளமாக அடிப்பது போனுக்குள் கேட்டது.

எங்கள் டிப்பரின் ஹோர்ன். டிப்பரோ என் முன்னால் நனைந்துகொண்டு நின்றது.

"பொறு, கேற்றடியிலை ஆரெண்டு பாத்திட்டு வாறன்," என்றார் முதலாளி.

போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை.