பரஸ்தானப் பெட்டி

புதன்கிழமை பதினொன்றேகால் மணிக்கு, முதலமடையில் தன் மாந்தோப்பின் கோடியில் பூட்டிக் கிடந்த ஓட்டு வீட்டுக்கு மோகனசுந்தரம் வந்து சேர்ந்தார். தகரப் பெட்டியின் ஒரு பிடி அவர் கையில், மறுபிடி மனைவி ஜீவிதாவின் கையில். வெயிலில் ஓர் இலை அசையவில்லை.

அவர் போகப்போவதை டூர் என்று சொல்லிவிடக்கூடாது. எக்ஸ்பெடிஷன். போகிற ஊர் ஏலப்பாறை. கைக்குழந்தைக்காரிகள் முறுக்குத் தின்றுகொண்டே பஸ்ஸில் போய் இறங்குகிற ஊர். அதற்கு அவர் எடுத்து வைத்தவை: கோடரி, திசைகாட்டி, பாம்புக்கடிப் பெட்டி, ஆறு டார்ச், ஆற்றைக் கடக்கும் கயிறு. கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் முதல்முறையாகக் கோயமுத்தூரைவிடத் தொலைவாக ஓர் ஊருக்குப் போகப்போகிற மனைவிக்கு ஒதுக்கிய இடம், இரண்டு சேலை அளவு. அதற்கே ஜீவிதா சந்தோஷத்தில் ஒரு மாதமாகத் தூங்கவில்லை.

ஜோசியர் குறித்த நேரம் புதன் பதினொன்றரை. ஜீப்போ பொள்ளாச்சியில் ஸ்டிக்கர் ஒட்டக் கிடந்தது. கதவில் பெயர் இல்லாவிட்டால் மலை அவரை யாரென்று கண்டுகொள்ளும்? அதனால் பரஸ்தானம். நல்ல நேரத்தில் பெட்டியை மட்டும் கிளப்பி இன்னொரு வீட்டில் வைத்துவிட்டால் பயணம் தொடங்கிவிட்டதாக அர்த்தம். ஆள் பின்னால் போய்க்கொள்ளலாம்.

"ஏனுங்க, ஆளிருக்கற ஊட்லதானுங்க வெக்கோணும். ரத்தினசாமி மாமன் ஊட்ல வெச்சரலாமுங்க."

"பங்காளி ஊட்லயா? அவன் நாளைக்கே ஒரு ஜீப்பு வாங்கிட்டு முன்னால நிப்பான். பேசாம வா புள்ளே."

"இல்லீங்க, இந்த ஊட்லதான அந்தப் புள்ள..."

"செத்தவ செத்துட்டா. பெட்டியத் தூக்கு."

போன சீசனில் மாங்காய் அடுக்க வந்த முத்துப்பேச்சி இந்த அறையில்தான் செத்தாள். ஏலப்பாறை எஸ்டேட் லயத்துக்காரி, கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில் பிறந்தவள். காய்ச்சலில் கிடந்தவள், ஊரில் கொண்டு விடுங்கள் என்று நான்கு நாள் கேட்டாள். லாரிகளில் லோடு இருந்தது. ஜீப் சும்மாதான் நின்றது. ஆனால் புது சீட்டு. அழுக்காகிவிடும்.

பெட்டியை அறை நடுவில் வைத்துவிட்டு வீட்டைப் பூட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஜீப்போடு வந்தபோது பூட்டு பூட்டியபடியே இருந்தது. கதவைத் திறந்ததும் பழுத்த மாம்பழ வாசனை முகத்தில் அடித்தது.

சீசன் முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

பெட்டி முழுக்க வைக்கோல். கோடரி, திசைகாட்டி, டார்ச்சுகள் எல்லாவற்றையும் தனித்தனியாக மலையாளப் பேப்பரில் சுற்றி, ஒன்றோடொன்று உரசாமல் வரிசை வரிசையாகப் பதித்து வைத்திருந்தது. தூரதேசம் போகிற மாங்காயை அப்படித்தான் அடுக்குவார்கள்.

ஜீவிதாவின் இரண்டு சேலைகள் மட்டும் வெளியே, தரையில். மடிப்புக் கலையாமல்.

"எலி," என்றார் மோகனசுந்தரம்.

எலி பேப்பர் சுற்றாது.

"போக வேண்டாமுங்க," என்றாள் ஜீவிதா. "என்ற சேலைய வெளிய எடுத்து வெச்சிருக்குதுங்க. என்னைய வர வேண்டாங்குதுங்க."

"புதங்கெழமையே கெளம்பியாச்சு. இப்ப நின்னா ரத்தினசாமி ஊரெல்லாஞ் சொல்லிச் சிரிப்பான்."

பெட்டியை அவரே இழுத்துப்போய் ஜீப்பில் ஏற்றினார். ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்து, செல்போனைத் தூக்கிப் பிடித்து, உலகத்துக்கு வணக்கம் சொல்ல ஆரம்பித்தார். ஜீவிதா சேலைகளை மார்போடு அணைத்தபடி வாசலில் நின்றாள். ஒன்பது வருட ஆசை. ஏறிவிடலாமா என்று ஓர் அடி எடுத்து வைத்தாள்.

இடதுபக்கக் கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

சீட் பெல்ட் மாட்டுகிற சத்தம் கேட்டது.

"போவமா மொதலாளி?"

"போலாம், போலாம்," என்றார் அவர், போனில் தன் முகத்தைப் பார்த்தபடியே. பக்கத்திலிருந்து பேசுவது யார் என்று ஒன்பது வருடமாகத் திரும்பிப் பார்த்துப் பழக்கமில்லாதவர்.

"ஏனுங்க! நா இங்க நிக்கறனுங்க!"

புழுதிதான் மிஞ்சியது.

எக்ஸ்பெடிஷனுக்கென்றே நாற்பத்தாறு பேரைப் பிடித்து ஒரு வாட்ஸ்அப் குழுவில் அடைத்திருந்தார். தாம் போகுமிடமெல்லாம் வரைபடத்தில் தெரியும்படி அதில் லொகேஷன் போட்டிருந்தார். நீலப் புள்ளி உடுமலை, தேனி, குமுளி என்று ஊர்ந்தது. சாயங்காலம் ஏலப்பாறைக்குப் போனது. நிற்கவில்லை. ரோட்டை விட்டு இறங்கிப் பள்ளத்தாக்கின் மேல், வழியே இல்லாத இடத்தில், அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. போலீஸ் தேடியது. ஜீப் இல்லை. ஒரு செடிகூட ஒடியவில்லை.

வாட்ஸ்அப் லொகேஷன் எட்டு மணி நேரத்துக்குமேல் ஓடாது; அந்தப் புள்ளி தானே அணைந்திருக்க வேண்டும். ஒன்பது நாளாகச் சுற்றியது. குழுவில் விவரம் தெரியாத சிலர் இன்னும் கட்டைவிரல் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

பத்தாம் நாள் காலை ஏழு மணிக்குப் புள்ளி முதல்முறையாக நின்றது. ஏலப்பாறையில், எஸ்டேட் லயத்து வாசலில். ஒரு நிமிடம்.

ஜீவிதாவின் போனுக்கு மட்டும் அவர் எண்ணிலிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. பெண் குரல். இளைப்பாறுகிற குரல்.

"நான் ஊர்ல எறங்கிட்டேன்க்கா. ஒங்க எடம் காலியாத்தான் கெடக்கு."

அவள் வரைபடத்தைத் திறந்தாள். மணி ஏழு ஐந்து.

புள்ளி பொள்ளாச்சியைத் தாண்டி, முதலமடை ரோட்டில் அவள் வீட்டை நோக்கி வந்துகொண்டிருந்தது.