பின்பெட்டி மணி

முன்கூண்டில் இருந்த மணி ஒரே ஒரு முறை அடித்து நின்றது. வண்டி ஓடவில்லை. சாவி கோதண்டத்தின் சட்டைப்பையில் இருந்தது. சாவி இல்லாமலும் அந்த மணி அடிக்கும்தான். ஆனால் பின்பெட்டிக்குள் இருக்கும் பொத்தானை யாராவது அழுத்த வேண்டும். பின்பெட்டி காலி. ஐந்து நிமிடத்துக்கு முன்னால்தான் அவன் உள்ளே பார்த்துவிட்டு வெளியே கொண்டி போட்டிருந்தான்.

எழுபத்தொன்றாம் வருஷத்து ஐப்பசி மழை இரண்டு நாளாக விடவில்லை. டோல்கேட்டில் அவனுடைய ஆட்டோ எலெக்ட்ரிக்கல் கடை வாசலில் காலையிலிருந்து நின்ற அந்தப் பெட்டி வேன், இழுத்து மூடிய மீன் கம்பெனி ஒன்றிலிருந்து ராயபுரம் ஹென்றி வாங்கி வந்தது. ஐஸ் வண்டியாக இருந்திருக்க வேண்டும். பெட்டிக்குள் நாலு பக்கமும் துத்தநாகத் தகடு, ஜன்னல் கிடையாது, கதவை வெளியிலிருந்துதான் திறக்கலாம்; உள்ளே மாட்டிக்கொண்டவர் முன்னால் இருப்பவரைக் கூப்பிடத்தான் அந்தப் பொத்தான். எத்தனை வாளி தண்ணீர் ஊற்றிக் கழுவியும் உப்பும் துருவும் பழைய மீனும் கலந்த வாடை போகவில்லை. நாளைக் காலையிலிருந்து காசிமேட்டுப் பெண்கள் பதினெட்டுப் பேரை எண்ணூருக்கு இறால் உரிக்க இதில்தான் ஏற்றிப் போகப்போகிறார் ஹென்றி. வண்டியில் ஒரே ஒரு குறை: மணி தானாக அடிக்கிறது. சில நேரம் அரைநாள் சும்மா இருக்கிறது, சில நேரம் நிறுத்தாமல் அடிக்கிறது.

கோதண்டம் ஒயரை முன்னாலிருந்து பின்னால் வரை விரலால் தடவிக்கொண்டே போய்ப் பார்த்தான். எங்கும் தேயவில்லை, எங்கும் உரசவில்லை. ஆனால் மூன்று இடங்களில் யாரோ அதை வேண்டுமென்றே வெட்டியிருந்தார்கள். வெட்டிய ஒவ்வொரு இடத்திலும் வேறு யாரோ மறுபடி முடிந்து டேப் சுற்றியிருந்தார்கள். மூன்று டேப்பும் மூன்று காலத்தவை.

ஹென்றிக்குப் பொறுமை இல்லை. "அந்த ஒயர புடுங்கிப் போட்ருப்பா. மணி இல்லாங்காட்டி வண்டி ஓடாதா?"

"பொம்பளைங்கள உள்ள ஏத்திட்டு வெளில கொண்டி போடப் போறே. ஒருத்திக்கு மூச்சு முட்டிச்சின்னா உனுக்கு எப்டிண்ணா தெரியும்? இந்த மணிதான் அதுங்களுக்கு வாயி."

ஹென்றி பீடியை அணைத்தார். ஓட்டத்தில் என்ன நடக்கிறது என்று உள்ளேயே உட்கார்ந்து பார்த்துவிடுவதாகக் கோதண்டம் சொன்னான். பொத்தானோடு ஒரு சின்ன பல்பையும் இணைத்துக் கூரை ஆணியில் தொங்கவிட்டான். பொத்தான் அழுந்தினால் முன்னால் மணி அடிக்கும், உள்ளே பல்பு எரியும். சாவியை ஹென்றியிடம் கொடுத்துவிட்டு ஏறிக்கொண்டபின் கடைசியாக அவன் சொன்னது இதுதான்:

"நடுவுல மணி எத்தினி தபா அடிச்சாலும் நிறுத்தாதண்ணா. நின்னா கோளாறு ஓடிப் பூடும். எண்ணூர் போயி தொற."

ஹென்றி கதவைச் சாத்தினார். கொண்டி விழுந்தது.

இருட்டு என்றால் கண்ணைத் திறந்திருக்கிறோமா மூடியிருக்கிறோமா என்று தெரியாத இருட்டு. தகட்டுக் கூரையில் மழை அரிசி கொட்டுவதுபோல் விழுந்தது. வழியை அவன் மூக்காலும் காதாலும் அறிந்துகொண்டு போனான்: தேரடிப் பக்கம் சைக்கிள் மணிகள், தண்டவாளத்தில் ஏறி இறங்கிய குலுக்கல், பிறகு ஏதோ ஆலையின் கந்தக நெடி, அதற்கப்புறம் வலது பக்கம் நெடுக அலைச் சத்தம். பல்பு எரியவில்லை. மழை ஈரத்தில் வந்த கோளாறாகத்தான் இருக்கும் என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

பல்பு எரிந்தது.

மஞ்சள் வெளிச்சத்தில் பொத்தான் உள்ளே அழுந்திக் கிடந்தது. பக்கத்தில் ஒன்றுமில்லை. பல்பு அணைந்தது. பொத்தானின் ஸ்பிரிங் போயிருக்கிறது, அவ்வளவுதான் என்று அவனுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. தடவித் தடவித் திருப்புளியால் பொத்தானைக் கழற்றி இடது கையில் வைத்துக்கொண்டான். ஒயர் முனைகள் இரண்டையும் ஒரு சாண் தள்ளி வளைத்துவிட்டான். இனிமேல் அடிக்க வழியே இல்லை.

குளிர்ந்தது. மழைக் குளிர் இல்லை. கால் கட்டைவிரலிலிருந்து ஏறியது. வாடை மாறியிருந்தது. மீன் இல்லை. ஐஸ். ஈரத்துணி. நெடுநேரம் ஒரே இடத்தில் அடைந்து கிடந்த மூச்சு.

பல்பு எரிந்தது.

முன்னால் மணி அடிப்பது தகட்டைத் தாண்டிக் கேட்டது. கோதண்டம் ஒயரைப் பார்த்தான். தள்ளி வளைத்த இரண்டு முனைகளும் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. சேர்த்துப் பிடித்திருந்தன விரல்கள். வெளுத்தவை. நீரில் ஊறிச் சுருங்கியவை. நகங்கள் அடிவரை தேய்ந்தவை. மணிக்கட்டு வரை வெளிச்சம் இருந்தது. அதற்கு அப்பால் இல்லை.

பொத்தான் அவன் கையிலிருந்து விழுந்து உருண்டது.

கத்தினான். முன்சுவரில் இரண்டு கையாலும் அறைந்தான். ஹென்றியின் பெயரைச் சொன்னான், திரும்பத் திரும்பச் சொன்னான். மழை. எஞ்சின். அலை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. வண்டி நிற்கவில்லை. கேட்டுக்கொண்டபடியே ஓட்டினார் ஹென்றி. வேகம் கூடியது.

மூச்சு எட்டவில்லை. இன்னொரு முறை இழுத்தான். எட்டவில்லை.

அழைக்க வேறு வழி எதுவும் இல்லை. கோதண்டம் அழுதுகொண்டே தன் கையை ஒயரை நோக்கி நீட்டினான்.

அந்த விரல்கள், முனைகளை விடாமலே, சற்று நகர்ந்து அவன் விரல்களுக்கு இடம் கொடுத்தன.