தரையைத் தொடாத டயர்கள்

மதியச் சாப்பாட்டுக்காகக் கடை ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன். அப்போதுதான் அந்தக் கார் வந்து நின்றது. தரையோடு படுத்த மாதிரி, இரண்டே பேர் உட்காரக்கூடிய சாம்பல் நிறப் பந்தய ரக வண்டி. ஓட்டி வந்தவர் பள்ளியில் கணக்கு எடுக்கும் டீச்சர். இரண்டு மாதத்துக்கு முன்னால் அதற்கு நாலு டயரும் புதிதாக மாட்டிக் கொடுத்தவன் நான்தான்.

"அண்ணே, மழையில வண்டி வழுக்குது. கொஞ்சம் பாருங்களேன்."

குனிந்து பார்த்தேன். எட்டு மில்லிமீட்டர் ஆழமிருந்த பள்ளங்கள் நகம் நுழையாத அளவுக்கு வழுவழுத்துப் போயிருந்தன.

"டீச்சர், இது மெது ரப்பர். ரோட்டைக் கெட்டியாப் பிடிக்கும், அதனால சீக்கிரம் தேயும். பக்குவமா ஓட்டினா முப்பதாயிரம் கிலோமீட்டர் வரும். வளைவுல முறுக்கி, பிரேக்கை மிதிச்சு ஓட்டினா பதினஞ்சாயிரத்துலயே பல்லிளிச்சிடும். நீங்க எவ்வளவு ஓட்டினீங்க?"

"ஸ்கூலுக்கும் வீட்டுக்கும்தான்."

மீட்டரைப் பார்த்தேன். டயர் மாட்டியதிலிருந்து நானூறு கிலோமீட்டர்கூட ஆகவில்லை. காற்று சரியாக இருந்தது. சக்கரம் கோணியிருந்தால் டயரை ஒரு பக்கமாகத் தின்னும்; அலைன்மென்ட் பார்த்தேன், இம்மி பிசகவில்லை. டயரின் வெளி ஓரங்கள் மட்டும் அரம் போட்டுத் தேய்த்தது போல் கரடுமுரடாக இருந்தன. யாரோ வளைவுகளில் வேகத்தைக் குறைக்காமல் திரும்பியிருக்கிறார்கள். நல்ல கைக்காரர்தான் அப்படித் திருப்ப முடியும்.

"உங்களுக்குத் தெரியாம யாராவது எடுத்து ஓட்றாங்களா?"

"வீட்டுல நான் மட்டும்தான், அண்ணே. வண்டி எங்க வீட்டுக்காரரோடது. அவர் தவறிப்போய் ஒரு வருஷம் ஆச்சு." கொஞ்சம் நிறுத்தி, "ஞாயித்துக்கிழமை காலைல கிளம்பினார்னா மலைப்பாதை வழியா கடல் வரைக்கும் போய்ட்டு மத்தியானம்தான் வருவார். நானும் வரேன்னா, வேகம் உனக்கு ஒத்துக்காதும்பார்" என்றார்.

இருபது வருடத் தொழிலில் ஒரு டயர் என்னிடம் பொய் சொன்னதில்லை. அந்த ரோஷத்தில்தான் இதில் தலையைக் கொடுத்தேன். மறுபடி புது டயர் மாட்டி, சனிக்கிழமை அவர் வீட்டுக்கே போய், ஷெட்டுக்குள் காரை ஜாக்கியால் தூக்கி நாலு இரும்பு ஸ்டாண்டுகளில் நிறுத்தினேன். சக்கரங்கள் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொங்கின. ஷெட்டைப் பூட்டிச் சாவியை என் பையில் போட்டுக்கொண்டேன்.

"இனி எவன் ஓட்றான்னு பார்த்துடலாம்" என்றேன். டீச்சர் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்குப் போன் வந்தது.

"அண்ணே... ஷெட்டுலேருந்து ரப்பர் கருகுற வாசனை வருது."

எனக்காக வீட்டில் காத்திருக்க யாருமில்லை. ஞாயிறும் எனக்குத் திங்கள் மாதிரிதான். உடனே கிளம்பினேன்.

பூட்டு அப்படியே இருந்தது. திறந்தேன். வெளியே நல்ல வெயில். உள்ளே மட்டும் மழைக்கு முந்தைய இருட்டு. கருகல் வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை.

உப்புக் காற்று.

முன்சக்கரத்தில் கை வைத்தேன்.

சுட்டது.

பள்ளத்தில் ஏதோ உறுத்தியது. நகத்தால் நெம்பினேன். அரிசி அளவு சிப்பித் துண்டு ஒன்று உள்ளங்கையில் விழுந்தது.

"கிட்ட வராதீங்க டீச்சர்" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. கண்ணாடி வழியாக ஓட்டுநர் இருக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இருக்கையின் மெத்தை, ஆள் உட்கார்ந்தது போல் அமுங்கியிருந்தது.

"இப்பவும் தனியாத்தான் போறீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.



டீச்சர் நின்ற பக்கத்துக் கதவு தானாகத் திறந்துகொண்டது.

நான் பாய்ந்து அவர் கையைப் பிடித்தேன். "வேணாம்மா. உள்ள போகாதீங்க."

"ஒரு வருஷமா அந்த வீட்டுல யாரோடயும் ஒரு வார்த்தை பேசலண்ணே," என்றார். "விடுங்க."

எனக்கு அந்த வார்த்தை எங்கோ பட்டது. என் கை தளர்ந்துவிட்டது. அன்று விட்டது சரியா தப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவர் ஏறி உட்கார்ந்தார். கதவு சாத்திக்கொண்டது.

எஞ்சின் சத்தமே இல்லை.

சக்கரங்கள் சுழலத் தொடங்கின.

முதலில் மெதுவாக. பிறகு கண் பிடிக்க முடியாத வேகத்தில். முன்சக்கரங்கள் இடமும் வலமுமாக வெட்டி வெட்டித் திரும்பின. ஒவ்வொரு திருப்பத்துக்கும் இல்லாத தார்ச்சாலையில் ரப்பர் கிறீச்சிட்டது. ஸ்டாண்டுகள் அசையவில்லை. ஏற்றிய கண்ணாடிக்குள் டீச்சரின் தலைமுடி காற்றில் பறந்தது. பயத்தில் கூப்பிட வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் முகம் தெரிந்தது.

சிரித்துக்கொண்டிருந்தார்.

எவ்வளவு நேரம் சுவரோடு ஒட்டி நின்றேனோ தெரியாது. சக்கரங்கள் நின்றபோது என் சட்டை நனைந்திருந்தது. டீச்சர் இறங்கினார். புடவையின் கரை முழங்கால்வரை ஈரம். செருப்பு இல்லை, பாதங்களில் மணல்.

"பயப்படாதீங்கண்ணே. திரும்பக் கொண்டுவந்து விட்டுட்டார்" என்றார்.

ஸ்டாண்டுகளைக்கூட எடுக்காமல் ஓடிவந்துவிட்டேன்.

மூன்று வாரம் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. நாலாவது வாரம் டீச்சர் கடைக்கு நடந்தே வந்தார். முகம் தெளிந்திருந்தது. கன்னம் வெயிலில் கறுத்திருந்தது. நாலு டயருக்குச் சொல்லிவிட்டு, தயங்கிக் கேட்டார்.

"ரெண்டு பேர் போனா காத்து எவ்வளவு வைக்கணும்ணே?"

சொன்னேன். வேறு என்ன செய்ய? அன்று மாலையே போய் மாட்டினேன், காற்றும் வைத்தேன். காருக்குள் ஒருதரம்கூடப் பார்க்கவில்லை. டீச்சர் தெருவாசல் வரை வந்து, கேட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வழியனுப்பினார்.

பத்தடி நடந்திருப்பேன். ஆளில்லாத ஷெட்டுக்குள்ளிருந்து ஹார்ன் இரண்டு முறை சின்னதாக ஒலித்தது. தெரிந்த ஆளுக்கு விடை சொல்வது போல.

திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் உயர்த்திக் காட்டிவிட்டு நடந்தேன்.