காலிக் குழாயின் எதிரொலி

மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு அவள் அடித்தள ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தபோது காந்தம் மெல்ல முனகிக்கொண்டிருந்தது. ஆள் உயர எஃகு உருளை அது. அதன் வயிற்றில் திரவ ஹீலியம் உறைகுளிரைக் காத்துக்கொண்டிருந்தது.

எலெக்ட்ரான் ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். மைக்ரோ அலையால் தட்டினால், நொடிக்கும் குறைவான நேரத்தில் அதிலிருந்து ஓர் எதிரொலி வரும். யாருக்கும் எட்டாத அளவு மெலிந்த எதிரொலியைப் பிடிப்பதுதான் அவளுடைய முனைவர் பட்ட ஆராய்ச்சி.

அந்தக் கருவியைக் கட்டியவன் அவளுக்கு முன்பு அங்கே ஆராய்ச்சி செய்தவன். எல்லோரும் அவனைத் தாடி என்றுதான் கூப்பிட்டார்கள். காந்தம் இழுத்த வாயு சிலிண்டருக்கும் எஃகு உருளைக்கும் நடுவில் நசுங்கி அவன் செத்துப்போனான். அவனுடைய கவனக்குறைவு என்று பேராசிரியர் சொல்ல, விஷயத்தை அதோடு மூடிவிட்டார்கள்.

பின்னணி இரைச்சலை அளப்பதற்காக அவள் அன்று மாதிரிப் பொருள் எதுவும் போடாத காலிக் குழாயைக் காந்தத்துக்குள் இறக்கினாள். திரையில் நேர்கோடுதான் வர வேண்டும்.

எதிரொலி எழுந்தது.

மைக்ரோ அலையை நிறுத்தினாள்.

மறுபடியும் எழுந்தது. தட்டாத கதவிலிருந்து பதில் வருவதுபோல.

துருவும் ரத்தமும் கலந்த நாற்றம் அறையில் பரவியது. அவள் பேராசிரியரைப் போனில் அழைத்தாள். அவர் படியிறங்கி வந்து திரையைப் பார்த்தார்.

"குழாய் காலின்னு சொன்னியேம்மா?"

"காலிதான் சார். மைக்ரோ அலையையும் நிறுத்தியாச்சு."

அவள் அந்த சிக்னலை ஒலிபெருக்கியில் கொடுத்தாள். முதலில் கரகரப்பு. பிறகு எஃகை உள்ளங்கையால் அறையும் சத்தம். பிறகு மூச்சுத் திணறும் ஒரு குரல்.

"சார்... காந்த சக்திய இறக்குங்க சார்... நெஞ்சு நசுங்குது..."

பேராசிரியரின் முகத்தில் ஈயாடவில்லை.

"தாடி செத்த அன்னிக்கு உங்களுக்கு இது கேட்டுச்சா சார்?" என்றாள் அவள் கிசுகிசுப்பாக.

அவர் சுவரிலிருந்த சிவப்பு அவசரப் பொத்தானைப் பார்த்தார். "அத அமுக்கியிருந்தா காந்தம் நின்னிருக்கும், ஆனா ஹீலியம் மொத்தமும் ஆவியாப் போயிருக்கும். மறுபடி வாங்கி நிரப்பி, குளிரவச்சு... மத்தவங்க நம்மள முந்தியிருப்பாங்க. அன்னிக்கு காந்த சக்திய ஏத்தினதே நான்தாம்மா. அவன் உள்ள வந்தத நான் பாக்கல."

"பாக்கல. ஆனா கேட்டீங்க."

சட்டென்று அவர் பாய்ந்து அவள் கையை முதுகுப் பக்கமாக முறுக்கினார். தோளில் ஏதோ கிழிந்தது. அவள் அலறினாள். "அழி! பதிவானதெல்லாம் அழி!" என்று அவள் முகத்தை மேசையோடு மோதினார். உதடு பிளந்து வாயில் ரத்தம் உப்புக் கரித்தது.

முனகல் உறுமலாக மாறியது.

யாரும் தொடாமலே காந்தத்தின் விசையைக் காட்டும் முள் ஏறியது.

மேசை மேலிருந்த ஸ்பேனர் பறந்து அவர் தாடையில் இறங்கியது. பற்கள் தரையில் சிதறின. பிடி விட்டு, அவர் எஃகு உருளையின் மேல் சாய்ந்தார். கத்தரிக்கோல் அவர் உள்ளங்கையைத் துளைத்து, உருளையோடு சேர்த்து அறைந்தது.

"அம்மாடி... பொத்தான அமுக்கு..."

அவள் தவழ்ந்து போய்ப் பொத்தானைக் குத்தினாள். ஹீலியத்தை வெளியேற்றும் கூரைக் குழாய் வெடித்தது. வெண்பனி போன்ற மூட்டம் அறையை விழுங்கியது. ஹீலியம் முழுவதும் போய்விட்டது.

காந்தத்தின் விசை இறங்கவில்லை.

மூலையில் வாயு சிலிண்டரைக் கட்டியிருந்த சங்கிலி அறுந்தது. சிலிண்டர் தரையில் தீப்பொறி பறக்க உருண்டு, எழும்பி, பாய்ந்தது. எலும்புகள் நொறுங்கிய சத்தம் ஒருமுறைதான் கேட்டது. அவர் குரல் கேட்கவே இல்லை.

மூச்சடைத்துச் சரிந்தவளின் முதுகில் ஜில்லென்று ஏதோ பட்டு, அவளைக் கதவை நோக்கித் தள்ளியது. வெளியே வராந்தாவில்தான் அவளுக்குக் காற்று கிடைத்தது.

விசாரணைக்கு வந்தவர்கள், கருவியில் கோளாறு என்று எழுதிக்கொண்டு போனார்கள். கருவியைப் பிரித்து அப்புறப்படுத்தினார்கள். கிழிந்த தோள் ஆறாததால் மருத்துவர் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அதுவும் காந்தம்தான். கணவன் எவ்வளவோ தேற்றி அழைத்துப் போனான்.

கைகள் இரண்டையும் உடம்போடு பட்டையால் கட்டி அவளைச் சுரங்கம்போன்ற குழாய்க்குள் நகர்த்தினார்கள். கால்மாட்டுக் கண்ணாடிக்கு அப்பால் கணவன் நின்றிருந்தான். பயப்படாதே என்று சைகை காட்டினான்.

காதில் ஸ்கேன் எடுக்கும் பெண்ணின் குரல் கேட்டது.

"அக்கா, தோள் மேலேர்ந்து கைய எடுங்க. படத்துல விரல் விழுது."