இறங்கு துணி

அக்காவின் அலமாரியை மாற்றி அடுக்கித் தருகிறேன் என்று சித்தி ஒத்துக்கொண்டபோது, அரை நாள் வேலை என்றுதான் நினைத்தாள். குளிர் தொடங்கிவிட்டது. மேல்தட்டிலிருந்து கம்பளிகளைக் கீழே எடுக்க வேண்டும். வெயில்காலத்து மெல்லிய துணிகளை மடித்து, அந்துருண்டை போட்டு மேலே ஏற்ற வேண்டும். அவ்வளவுதானே?

அக்கா வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் வாசலிலேயே அலமாரிச் சாவியைக் கையில் திணித்தாள்.

"நானே செய்யலாம்னுதான்டி பார்த்தேன். கதவைத் திறக்கவே முடியல."

"நீ போக்கா. உன் பழைய துணியிலேயே வளர்ந்தவ நான். உன் அலமாரி எனக்குத் தெரியாதா?"

அக்கா சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "கீழ் இழுப்பறையை மட்டும் திறக்காதே. பெரிசோடது."

பெரிசு அக்காவின் மூத்த மகள். போன வருடத்துக்கு முந்தின குளிரில், ஆறு வயதில், மூன்றே நாள் காய்ச்சலில் போய்விட்டாள். அப்போது ஐந்து வயதாயிருந்த தங்கை சிறிசுக்கு இப்போது ஏழு. கட்டில்மேல் நின்று குதித்துக்கொண்டிருந்தாள்.

அலமாரிக் கதவின் உட்புறம் முழுக்கப் பென்சில் கோடுகள், பிள்ளைகளின் உயரம். பெரிசின் கடைசிக் கோட்டுக்குப் பக்கத்தில் அவளே வரைந்த ஒரு குட்டிப் பூ, ஐந்து இதழ், ஒன்று மட்டும் கோணல். சித்தி சிறிசை நிமிர்த்தி நிறுத்தித் தலைக்குமேல் கோடு போட்டாள். அது பூவைத் தாண்டி மூன்று விரல் மேலே விழுந்தது.

"சித்தி, அப்போ நான்தான் இனிமே பெரிசா?"

"ஆமாடி, பெரிய மனுஷி! வா, இந்தக் கம்பளியைப் போட்டுப் பாரு."

நீலக் கம்பளிச் சட்டை முழங்கையோடு நின்றுவிட்டது.

கண்ணுகளா, அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. அக்காவுக்குச் சின்னதாய்ப் போனது தங்கைக்கு. அதற்குப் பெயரே இறங்கு துணி. சும்மா எடுத்துக்கொள்ள முடியாது, பெரியவர்கள் யாராவது வாய்விட்டுச் சொல்லிக் கொடுக்க வேண்டும். சித்தி சிறுவயதில் நூறு தடவை காதில் வாங்கிய வார்த்தை அது. அதனால்தான் கை தன்பாட்டுக்குச் சட்டையை மடித்தது, வாய் தன்பாட்டுக்குச் சொன்னது.

"இறங்கட்டும். தங்கச்சி எடுத்துக்கட்டும்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. இந்த வீட்டில் சிறிசுக்குக் கீழே யாருமில்லையே!

கீழ் இழுப்பறை கிறீச்சென்றது.

திரும்பிப் பார்த்தாள். ஒரு விரல் நுழையும் அளவுக்குத் திறந்திருந்தது. பழைய மரம், குளிருக்கு அசைந்திருக்கும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு, சட்டையைக் கட்டில்மேல் வைத்தாள். அடுத்த மூட்டையைக் கீழே எடுத்து வைத்துவிட்டுத் திரும்பினால் சட்டையைக் காணோம். இழுப்பறையின் இடுக்கில் நீலக் கை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

தொட்டுப் பார்த்தாள். சுட்டது. காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி சுடுமே, அந்தச் சூடு. அந்துருண்டை வாசனையெல்லாம் எங்கோ போய், மருந்தும் ஈரத்துணியும் கலந்த வாடை அறையில் நிறைந்தது.

"சித்தி, இது இறுக்குது."

சிறிசு கண்ணாடி முன்னால் நின்றிருந்தாள். உடம்பில் புதுக் குளிர்கோட்டு. அடுத்த வருடத்துக்கும் ஆகட்டும் என்று அக்கா இரண்டு அளவு பெரிதாக வாங்கியது. காலையில் அதன் கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டிருந்தார்கள். இப்போது அது மணிக்கட்டுக்கு மேலே ஏறி நின்றது.

இன்னும் ஏறியது.

"சித்தி, கழுத்து..."

ஓடிப்போய் பட்டனைப் பிடித்தாள். அசையவில்லை. குழந்தையின் முகம் கறுத்துக்கொண்டு வந்தது.

இழுப்பறைக்குள்ளிருந்து ஒரு குரல். அது பெரிசின் குரல், அந்தப் பிள்ளையைச் சித்தி தூக்கி வளர்த்திருக்கிறாள், மடியில் போட்டுத் தூங்க வைத்திருக்கிறாள்.

"அக்காவுக்குச் சின்னதாயிடுச்சு சித்தி. எனக்குன்னு சொல்லுங்க."

ஆறு வயதிலேயே நின்றுபோன பெரிசுக்கு, ஏழு வயதுச் சிறிசு இப்போது அக்கா. சொல்லிவிடலாம். ஒரு வார்த்தைதான். ஆனால் கோட்டு போனால் அடுத்தது கவுன். கவுனும் போனால்?

உடம்புதான் மிச்சம்.

சித்தி தான் போட்டிருந்த குளிர்கோட்டைக் கழற்றினாள். குரலைத் தாலாட்டுப் போலத் தாழ்த்திக்கொண்டாள்.

"அவளுக்கு எதுவும் சின்னதாகலடி தங்கம். அவளும் குழந்தைதானே? இங்க பெரியவ நான். இனிமே என்னோடதுதான் உனக்கு. இறங்கட்டும்."

இடுக்கில் வைத்ததுதான் தாமதம், கோட்டு உள்ளே வழுக்கிக்கொண்டு போனது. இழுப்பறை மூடிக்கொண்டது.

சிறிசின் கோட்டுக் கை சரசரவென்று இறங்கி விரல்களை மூடியது. குழந்தை இருமியபடி சித்தியின் இடுப்பைக் கட்டிக்கொண்டது. கழுத்தைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வளையம்.

மாலையில் அக்கா வந்தாள். அடுக்கிய தட்டுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, "எவ்வளவு அழகா வச்சிருக்கே!" என்று இரண்டு வருடத்தில் முதல்முறையாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தபின் சித்தியால் எதையும் சொல்ல முடியவில்லை.

"உன் கோட்டு எங்கடி? வெளியில இப்படிக் குளிருது!"

"எடுத்துட்டு வர மறந்துட்டேன்க்கா."

"இந்தக் குளிர்ல மறந்துட்டு வர்றவளைப் பாரு" என்று அக்கா தன் சால்வையைப் போர்த்தி அனுப்பினாள்.

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டாள். சால்வையை வைக்கத் தன் அலமாரியைத் திறந்தாள். அவளுக்குக் குழந்தை குட்டி கிடையாது. அந்தக் கதவில் யாரும் எந்தக் காலத்திலும் உயரம் குறித்ததில்லை.

நெஞ்சுயரத்தில் ஒரு பென்சில் கோடு இருந்தது. பக்கத்தில் ஒரு குட்டிப் பூ. ஐந்து இதழ், ஒன்று மட்டும் கோணல்.

அவள் போட்டிருந்த சட்டையின் கழுத்துப் பட்டன், மெல்ல, இறுகத் தொடங்கியது.